நிற்கிறதா, நடக்கிறதா? வீட்டுக் கணினியில் முடங்கும் அப்டேட்

மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, அமெரிக்க மேற்குக் கரையில் காலை பத்து மணிக்கு, மைக்ரோசொப்ட் விண்டோசுக்கான திருத்தங்களை வெளியிடும். 2003 ஒக்டோபரிலிருந்து இதுதான் வழக்கம். கொழும்பில் அப்போது இரவு பத்தரை. அங்கே குளிர்காலமென்றால் பதினொன்றரை. பெரும்பாலான வீடுகளில் கணினி மூடியிருக்கும். ஆகவே பாமன்கடையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் விஷயம் தெரியவருவது புதனோ வியாழனோ காலையில்தான். பிள்ளைக்கு சூம் வகுப்பு தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது திரையில் புள்ளிகள் வட்டமிடும். 30 வீதம் முடிந்தது, கணினியை நிறுத்தாதீர்கள் என்று கீழே எழுதியிருக்கும். அரை மணித்தியாலம் கழித்துப் பார்த்தாலும் அதே 30.

இதற்கு நம் அயலில் வழங்கும் வைத்தியம் இரண்டு. ஒன்று, பிளக்கைப் பிடுங்குவது. மற்றது, ஆளைக் கூப்பிட்டு ஃபோர்மட் பண்ணுவிப்பது. முதலாவது அவசரம், இரண்டாவது அழிவு. இரண்டுக்கும் நடுவில் ஏழெட்டு வைத்தியங்கள் இருக்கின்றன. எல்லாம் எழுதப்பட்டவை, எவரும் செய்யக்கூடியவை. சிக்கல் அவற்றை எந்த ஒழுங்கில் செய்வது என்பதில்தான். கெட்டித்தனம் கூடிய வைத்தியத்தில் தொடங்குவதே பலருக்குப் பழக்கம். செய்து பலிக்காவிட்டாலும் நட்டம் வராத வைத்தியத்தில் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

திரைக்குப் பின்னால் நடப்பது தெரிந்தால் பாதிப் பதற்றம் போய்விடும். அப்டேட் நான்கு கட்டமாக நடக்கிறது. முதலில் கோப்புகள் இணையத்திலிருந்து இறங்கி, விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ‘சொப்ட்வெயர் டிஸ்ட்ரிபியூஷன்’ என்ற ஃபோல்டரில் சேரும். பிறகு ‘டிரஸ்டட் இன்ஸ்டோலர்’ என்ற சேவை அவற்றைப் பிரித்து, சரிபார்த்து, பழையவற்றுக்குப் பக்கத்திலேயே புதியவற்றை அடுக்கி வைக்கும். அதுவரை நீங்கள் வேறு வேலை பார்க்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் தான் பிடித்துவைத்திருக்கும் கோப்பைத் தானே மாற்ற முடியாது. அதனால் மூன்றாம் கட்டம் கணினி மூடும்போதும் நான்காம் கட்டம் அது மறுபடி எழும்பும்போதும் நடக்கின்றன. புள்ளிகளும் வீதக் கணக்கும் அந்த இரண்டு கட்டங்களுக்கு உரியவை.

அந்த வீதம் நேரத்தைக் காட்டுவதில்லை. எத்தனை படி முடிந்தது என்பதைத்தான் காட்டுகிறது. ஒரு படியில் பத்துக் கோப்பு மாறும், அடுத்ததில் ஆயிரக்கணக்கில் மாறும். ஆகவே 30இல் ஒரு மணித்தியாலம் கிடந்துவிட்டு அடுத்த பத்து நிமிடத்தில் 100ஐத் தொடுவது புதுமையல்ல. விண்டோஸ் 10இன் பெரிய அரையாண்டு அப்டேட்கள் இப்படி ஆளைக் காக்கவைத்த நேரத்தை மைக்ரோசொப்டே அளந்து சொல்லியிருக்கிறது: 2017 ஏப்ரலில் வந்த பதிப்புக்குச் சராசரி 82 நிமிடம், அதே ஆண்டு ஒக்டோபர்ப் பதிப்புக்கு 51, 2018இல் ஏறக்குறைய 30. வேலை குறைந்ததால் வந்த இறக்கமல்ல இது. மூன்றாம் கட்டத்து வேலையில் ஒரு பகுதியை, நாம் பார்க்காத இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அதுவும் உலகச் சராசரி. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் 4 ஜிபி நினைவகமும் உள்ள பெட்டிக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தையை ஒட்டிய தொடர்மாடி ஒன்றிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இப்படியொரு காலையில் தொலைபேசியில் எடுத்தார்.

“தம்பி, ரெண்டு மணித்தியாலமா இப்பிடியே நிக்குது. மகன் ஓஃப் பண்ணிப்போட்டு திருப்பிப் போடச் சொல்றான்.”

மகன் டொரொன்டோவில். வாட்ஸப் வீடியோவில் அவருக்கும் அந்த 30 தெரிந்திருக்கிறது.

“ரீச்சர், பெட்டியின்ரை முன்பக்கத்திலை, பட்டனுக்குக் கிட்ட, சின்னதா ஒரு சிவப்பு லைட் இருக்கும். மினுங்குதோ?”

“பொறுங்கோ, கண்ணாடி போடுறன். ஓம், விட்டு விட்டு மினுங்குது.”

“அப்ப அது வேலை செய்யுது. மகனிட்டைச் சொல்லுங்கோ, தொடவேண்டாமாம். மத்தியானம் வரைக்கும் விடுங்கோ.”

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கடவுச்சொல் கேட்கும் திரை வந்துவிட்டது.

இந்தக் கலையில் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய சோதனை அந்தச் சிவப்பு லைட்தான். டிஸ்க் வாசிக்கப்படும்போதும் எழுதப்படும்போதும் அது மினுங்கும். ஒழுங்கில்லாமல் மினுங்கினால் வேலை நடக்கிறது. அரை மணித்தியாலம் முற்றாக அணைந்தே கிடந்தாலோ, ஒரே சீராக எரிந்தபடி நின்றாலோ சந்தேகிக்கலாம். லைட் இல்லாத லப்டொப்பில் ‘கெப்ஸ் லொக்’ விசையை அழுத்திப் பார்க்க வேண்டும். அதன் விளக்கு மாறி மாறி எரிந்தால் இயங்குதளம் உயிரோடு இருக்கிறது. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: எஸ்எஸ்டி என்றால் இரண்டு மணித்தியாலம், பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் ஒரு இரவு. இதைக் கேட்டு முகம் சுழிக்காதவர் இல்லை.

உண்மையிலேயே நின்றுபோன அப்டேட்டுக்குக் காரணம் தேடினால், நம் வீடுகளில் அது பெரும்பாலும் விண்டோசுக்கு வெளியேதான் அகப்படும்.

முதலில் இடம். நம்மூர்த் திருத்துநர்களுக்கு நெடுங்காலமாக ஒரு பழக்கம்: டிஸ்க்கைப் பிரிக்கும்போது சி டிரைவுக்கு 40, 50 ஜிபி மட்டும் கொடுத்து, மிச்சத்தையெல்லாம் டியில் வைப்பது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அது தாராளம். இன்று விண்டோஸ் 11க்குக் குறைந்தபட்சத் தேவையே 64 ஜிபி. புதியவற்றைப் பழையவற்றுக்குப் பக்கத்தில் அடுக்கும் இரண்டாம் கட்டத்துக்கு இடம் போதாவிட்டால் அப்டேட் நடுவழியில் நிற்கும், அல்லது 80070070 என்று முடியும் பிழை எண்ணைக் காட்டிவிட்டுத் திரும்பும். டி டிரைவில் 400 ஜிபி வெறுமையாகக் கிடப்பதால் பயனில்லை. கையில் வைத்திருக்க வேண்டிய கணக்கு, சியில் 20 ஜிபி வெற்றிடம். டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் வைபரில் வந்து சேர்ந்த கலியாண வீடியோக்களையும் வேறிடத்துக்கு மாற்றினாலே பல வீடுகளில் அந்த 20 கிடைத்துவிடும்.

அடுத்தது இணையம். இங்கே விற்கும் வீட்டு இணைப்புகளில் பல, பகலுக்கு ஒரு டேட்டாக் கணக்கு, நள்ளிரவுக்குப் பின் இன்னொரு கணக்கு என்று பிரிக்கப்பட்டவை. பகல் கணக்குத் தீர்ந்தால் இணைப்பு அறுவதில்லை. வேகம் பெயரளவுக்கு மிஞ்சும். வாட்ஸப் செய்தி போய் வரும், அதனால் இணையம் இருக்கிறதென்றே வீட்டார் நம்புவார்கள். பல நூறு எம்பி கனமுள்ள மாதாந்த அப்டேட் மட்டும் அசையாமல் கிடக்கும். இதற்குக் கட்டளை எதுவும் தேவையில்லை. இரண்டாவது செவ்வாய்க்குப் பிறகு வரும் ஏதாவதொரு இரவில் லப்டொப்பை மின்னில் செருகி, மூடாமல், உறங்காமல் விட்டால் இரவுக் கணக்கில் அது தானாக இறங்கிவிடும். வீட்டில் இரண்டு கணினி இருந்தால் இன்னொரு வசதியும் உண்டு: அப்டேட் அமைப்புகளுக்குள் ‘டெலிவரி ஒப்டிமைசேஷன்’ என்பதைத் திறந்து, வீட்டு வலையமைப்பிலுள்ள கணினிகளுக்கு மட்டும் பகிர அனுமதித்தால், ஒன்று இறக்கியதை மற்றது உள்ளுக்குள்ளேயே வாங்கிக்கொள்ள முடியும். இணையத்திலுள்ள பிறருக்கும் பகிரும் தெரிவை மறந்தும் திறக்கக் கூடாது. உங்கள் டேட்டாவில் யாருக்கோ அப்டேட் போகும்.

இணையத்தோடு ஒட்டிய ஒரு போலி முடக்கமும் இருக்கிறது. டேட்டாவை மிச்சம் பிடிக்க எப்போதோ வந்த திருத்துநர் வைஃபையை ‘மீட்டர்ட்’ இணைப்பு என்று குறித்துவிட்டுப் போயிருப்பார். அன்று அது நல்ல யோசனைதான். ஆனால் அந்தக் குறி இருக்கும்வரை விண்டோஸ் அப்டேட்களைத் தானாக இறக்காது. இரண்டு வருடம் கழித்து, அப்டேட் ஸ்டக் என்று வீட்டார் முறைப்பாடு செய்வார்கள். அது நிற்கவுமில்லை, நடக்கவுமில்லை; சொன்னபடி காத்திருக்கிறது.

மின்சாரத்தைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதும் இருண்டது. அப்டேட்டின் நடுவில் கரண்ட் போனால் கணினி செத்துவிடும் என்பது பொதுநம்பிக்கை; அது முழு உண்மையல்ல. என்ன மாற்றப் போகிறது என்பதை விண்டோஸ் முன்கூட்டியே பதிந்துவைத்துவிட்டுத்தான் மாற்றத் தொடங்குகிறது. கரண்ட் வந்து மறுபடி போட்டால் விட்ட இடத்திலிருந்து முடிக்கப் பார்க்கும். முடியாவிட்டால் செய்ததையெல்லாம் திருப்பி எடுக்கும். மாற்றங்கள் மீளப் பெறப்படுகின்றன என்ற செய்தி திரையில் வருவது அப்போதுதான். இந்தத் திருப்பி எடுத்தல் அப்டேட் போட்ட அளவுக்கே நேரம் பிடிக்கும், சிலவேளை அதைவிடக் கூட. வீட்டார் பொறுமையிழப்பது இந்த இடத்தில்தான். நான் பார்த்த சேதங்களில் பல மின்சார சபை செய்த முதல் வெட்டால் வந்தவையல்ல, அதற்குப் பிறகு வீட்டார் பிளக்கைப் பிடுங்கிச் செய்த இரண்டாம் வெட்டால் வந்தவை.

லப்டொப்புக்கு அதன் பற்றரியே காவல். மேசைக் கணினிக்கு யூபிஎஸ் வேண்டும். ஆனால் யூபிஎஸ் இருக்கிறது என்பதும் அதற்குள் பற்றரி உயிரோடிருக்கிறது என்பதும் இரண்டு விஷயம். இரண்டு மூன்று வருடத்தில் பற்றரி தளர்ந்து, கரண்ட் போன மறுகணமே பெட்டியும் சேர்ந்து அணையும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேர இடி முழங்கத் தொடங்கிய பிறகு ‘அப்டேட் அண்ட் ரீஸ்டார்ட்’ பொத்தானை அழுத்தாமலிருப்பது யூபிஎஸ்ஸைவிட மலிவு.

மணிக்கூட்டைச் சந்தேகிப்பவர் குறைவு. மதர்போர்டில் செருகியிருக்கும் சிஆர் 2032 என்ற காசளவு பற்றரி தீர்ந்துபோனால், மின்னைத் துண்டித்துப் போடும் ஒவ்வொரு தடவையும் கணினியின் திகதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். மைக்ரோசொப்டின் சேவையகம் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் பிறக்கவேயில்லை என்று அந்தக் கணினி கணக்குப் போடும், தொடர்பை மறுத்துவிடும். வங்கித் தளங்களும் திறக்காது. திரையின் மூலையில் ஆண்டைப் பார்த்தாலே நோய் தெரியும்.

கள்ள விண்டோஸ் பற்றியும் ஒரு வார்த்தை. உரிமம் வாங்காமல் போட்ட விண்டோசில், அதைச் செல்லுபடியானதுபோல் காட்டும் கருவிகள் சில அப்டேட் சேவையையே அணைத்து வைத்துவிடுகின்றன. அங்கே தேடுவதற்குக் காரணம் எதுவுமில்லை. கதவு உள்ளிருந்து பூட்டப்பட்டிருக்கிறது. இவற்றைத் திருத்தித் தரும்படி கேட்பவர்களுக்கு என்ன சொல்வதென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.  

இத்தனையும் சரியாயிருந்தும் ஒரே அப்டேட் திரும்பத் திரும்பத் தோற்றால், குற்றம் அனுப்பியவர் பக்கமும் இருக்கலாம். 2015, 2016இல் விண்டோஸ் 7 கணினிகள் அப்டேட் இருக்கிறதா என்று தேடுவதிலேயே மணிக்கணக்கில் செயலியை முழுவதும் விழுங்கிக்கொண்டு கிடந்தன. 2016 ஜூலையில் வந்த திருத்தத் தொகுப்பைக் கையால் போட்ட பிறகே அடங்கின. 2018 ஒக்டோபரில் வெளியான விண்டோஸ் 10 பதிப்பு சிலருடைய சொந்தக் கோப்புகளை அழித்துவிட்டதால் சில நாளிலேயே நிறுத்தப்பட்டு, நவம்பர் 13இல்தான் மறுபடி வந்தது. 2024 ஜனவரி 9இல் வந்த, கேபி 5034441 என்ற எண்ணுள்ள அப்டேட் இன்னும் வேடிக்கை. பழுதுபார்க்கும் சூழலுக்கென டிஸ்க்கில் ஒதுக்கிய சிறு பகுதியில் 250 எம்பி வெற்றிடம் இல்லாத கணினிகளில் அது 80070643 என்று முடியும் பிழையைக் காட்டித் தோற்றது. அந்தப் பகுதியை அளந்து ஒதுக்கியது பெரும்பாலும் விண்டோஸ் நிறுவியேதான். தானாகச் சரிசெய்யும் வழி இல்லை, பயனர்களே பகுதியைப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும் என்று மைக்ரோசொப்ட் பிறகு கைவிரித்தது. இப்படிப்பட்டதுடன் வீட்டார் மல்லுக்கட்டத் தேவையில்லை. அமைப்புகளில் ஒரு வார இடைநிறுத்தம் கொடுத்துவிட்டு இருக்கலாம். ஐந்து வாரம் வரை விண்டோசே அனுமதிக்கிறது.

இனி வைத்தியத்தின் ஒழுங்கு. முகப்புத் திரை கையில் இருக்கும்போதே, அதாவது முதல் இரண்டு கட்டத்தில், அப்டேட் நின்றிருந்தால் பயப்பட ஏதுமில்லை. முறையாக மூடித் திறப்பது முதல் வேலை. இடம், டேட்டா, திகதி மூன்றையும் பார்ப்பது அடுத்தது. விண்டோசிலேயே உள்ள ‘ட்ரபிள்ஷூட்டர்’ சிலவேளை உதவும், பலவேளை உதவாது, ஓடவிடுவதால் கெடுவதில்லை. பிறகுதான் இறக்கிய கோப்புகளைக் கழிப்பது: ‘சேர்விசஸ்’ பட்டியலில் விண்டோஸ் அப்டேட், பிட்ஸ் இரண்டையும் நிறுத்திவிட்டு, சொப்ட்வெயர் டிஸ்ட்ரிபியூஷன் ஃபோல்டரின் பெயரை மாற்றி, கணினியை மறுபடி போட்டால் விண்டோஸ் புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். அரைகுறையாக இறங்கிக் கெட்ட கோப்புத்தான் காரணமென்றால் இதோடு தீர்ந்துவிடும். அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பிழைத்துப்போனால் பழைய பெயரைத் திருப்பிக் கொடுக்கலாம். இதில் போவது அப்டேட் வரலாற்றுப் பட்டியலும் மறுபடி இறக்கும் டேட்டாவும் மட்டுமே.

விண்டோசின் சொந்தக் கோப்புகளே பழுதாகியிருந்தால் டிஸ்ம், எஸ்எஃப்சி என்ற இரண்டு கட்டளைகள். டிஸ்ம் முதலில், எஸ்எஃப்சி பிறகு. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். எஸ்எஃப்சி பழுதான கோப்பை மாற்றுவதற்கு எடுக்கும் நல்ல பிரதி வைக்கப்பட்டிருக்கும் களஞ்சியத்தைச் சுத்தம் செய்வதே டிஸ்ம்மின் வேலை. களஞ்சியம் கெட்டிருக்க எஸ்எஃப்சியை ஓட்டுவதில் அர்த்தமில்லை. டிஸ்ம் 62 வீதத்தில் நின்றுவிட்டதென்று பதறுகிறவர்கள் உண்டு. அதற்கும் மேலே சொன்ன பொறுமையே மருந்து.

இணையம் நொண்டும் வீட்டில் இன்னொரு வழி: ‘மைக்ரோசொப்ட் அப்டேட் கற்றலொக்’ தளத்தில் அந்த அப்டேட்டின் கேபி எண்ணைத் தேடி, அலுவலகத்திலோ அயல்வீட்டிலோ இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து போடலாம். எளிமையான இந்த வழியைப் பற்றி ஏன் யாரும் கதைப்பதில்லை என்று தெரியவில்லை.

கடைசி இரண்டு கட்டத்தில், லைட் செத்து, கெப்ஸ் லொக் செத்து, ஒரு இரவும் கழிந்துவிட்டால் அப்போதுதான் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடிக்கலாம். பலமுறை அது தானாகவே எழும்பி, மாற்றங்களை மீளப்பெற்று, பழைய நிலைக்கு வந்துவிடும். இரண்டு மூன்று தடவை எழும்பத் தவறினால் பழுதுபார்க்கும் நீலத் திரை தானே வரும். அதற்குள் கடைசியாக வந்த அப்டேட்டை மட்டும் கழற்றும் தெரிவு இருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் பிட்லொக்கர் என்ற டிஸ்க் குறியாக்கம் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் அது வாங்கும்போதே இயங்கிக்கொண்டிருக்கிறது, சொந்தக்காரருக்குத் தெரியாது. எண், கணினியை முதலில் திறந்தபோது கொடுத்த மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கை உண்டாக்கியது கடைக்காரப் பொடியனா, லண்டனிலிருந்து வந்துபோன மருமகனா என்ற ஆராய்ச்சி அதற்குப் பிறகு தொடங்கும். எண்ணை ஒரு கடதாசியில் எழுதி அலுமாரியில் வைப்பது கணினி நன்றாக ஓடும் நாளில் செய்யவேண்டிய வேலை.

அதுவும் பலிக்காவிட்டால், ஆனால் விண்டோஸ் எப்படியோ எழும்புகிறதென்றால், விண்டோசுக்கு மேலேயே விண்டோசைப் போடும் வழி இருக்கிறது. பல ஜிபி அளவுள்ள நிறுவல் கோப்பை மைக்ரோசொப்ட் தளத்திலிருந்து எடுத்து உள்ளிருந்தே ஓட்டி, கோப்புகளையும் செயலிகளையும் வைத்திரு என்ற தெரிவைக் கொடுத்தால், இயங்குதளம் மட்டும் புதிதாகும். ஃபோர்மட்டுக்குப் போகும் கணினிகளில் பெரும்பகுதி இந்த இடத்திலேயே பிழைத்துக்கொள்ளும்.

பிறகேன் எல்லோரும் ஃபோர்மட் செய்கிறார்கள்? திருத்துநரைக் குறை சொல்வது சுலபம். அவர் பக்கத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும். நோயைத் தேடுவதற்கு இங்கே கூலி இல்லை. மூன்று மணித்தியாலம் உட்கார்ந்து பார்த்து, டேட்டா தீர்ந்ததுதான் காரணமென்று சொன்னால் யாரும் காசு தரமாட்டார்கள். விண்டோஸ் போட்டுக் கொடுப்பதற்கு எல்லோரும் அறிந்த விலை உண்டு, அளந்த நேரம் உண்டு, முடிவும் நிச்சயம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் வேலைதான். ஆனால் கொளுத்தத்தான் கூலி கிடைக்கிறது. இழப்பு பிறகு மெல்ல மெல்லத் தெரியவரும். மேசைத்திரையில் வைத்த உறுதி ஸ்கேன் போயிருக்கும், பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் போயிருக்கும். இன்னொன்று நம்மவர்களுக்கே உரியது: பாமினி எழுத்துரு. டியில் பத்திரமாயிருந்த பழைய கோயில் மலரையும் நினைவுரையையும் திறந்தால், தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் நிற்கும். எழுத்துருவை மறுபடி போட்டால் சரி என்பது தெரியாமல் அந்தக் கோப்புகளைப் பழுதென்று அழித்த வீடுகளை அறிவேன்.

முடங்கியதாக நடிக்கும் போலிகளிடமும் கவனம் வேண்டும். முழுத்திரையில் அப்டேட் ஓடுவதுபோல் காட்டும் இணையப் பக்கங்கள் இருக்கின்றன. எஃப்11 விசையை அழுத்தினால் வேடம் கலைந்துவிடும். உண்மையான அப்டேட் திரையில் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது. 2022இல் மக்னிபர் என்ற பணயப் பறிப்பு மென்பொருள் விண்டோஸ் அப்டேட் வேடத்தில்தான் வீட்டுக் கணினிகளுக்குள் புகுந்தது.

இவ்வளவு தொல்லையெனில் அப்டேட்டையே நிறுத்திவிட்டால் என்ன? 2024 ஜூலை 19க்குப் பிறகு இந்தக் கேள்வி கூடிவிட்டது. அன்று கிரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. அது விண்டோஸ் அப்டேட் அல்ல. நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்கும் மென்பொருள், வீட்டில் இருக்காது. எதிர்த்திசை உதாரணம் 2017 மே 12இல் தொடங்கிய வனாக்ரை. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் 14இலேயே வந்துவிட்டது. இரண்டு மாதம் போடாமல் இருந்தவர்களே அகப்பட்டார்கள். நம் நாட்டிலேயே, 2023 ஓகஸ்ட் 26இல் இலங்கை அரசாங்கத்தின் முகில் சேவையைப் பணயப் பறிப்பு மென்பொருள் தாக்கியது. மின்னஞ்சலுக்கு அங்கே ஓடியது எக்ஸ்சேஞ்ச் 2013; அதற்கான ஆதரவு அந்த ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 அரச முகவரிகளில், மே 17 முதல் தாக்குதல் நாள்வரை வந்த கடிதங்கள் மீளவில்லை. அந்தக் காலத்துக்கு நகல் இருக்கவில்லை. ஒரு வாரம் தள்ளிப்போடுவதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவது வேறு.

பழைய பெட்டிகளின் கதை மிச்சம். 2022இல் டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து சில வாரங்களில் 350ஐத் தாண்டியபோது புதுக் கணினி வாங்கும் எண்ணத்தைப் பல குடும்பங்கள் கைவிட்டன. 2012, 2013ஆம் ஆண்டுப் பெட்டிகள் அதனால் இன்னும் ஓடுகின்றன. பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவுக்குப் போய் ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போட்டால் அப்டேட் நேரம் பாதிக்குமேல் குறையும். பழைய பெட்டிக்குச் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள செலவு அதுதான். ஆனால் இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. குறுக்குவழியில் போடலாம். ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்பு அப்படிப்பட்ட கணினிக்குத் தானாக வராது. ஒவ்வொரு தடவையும் கையால் தள்ள வேண்டும். வயதானவர் தனியே இருக்கும் வீட்டுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. வீட்டுப் பாவனையாளருக்கு மேலும் ஓராண்டு, 2026 ஒக்டோபர் 13 வரை, பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்க வழி செய்திருக்கிறார்கள்: அமைப்புகளை மைக்ரோசொப்ட் கணக்கில் நகலெடுக்க அனுமதித்தால் இலவசம், இல்லாவிட்டால் 30 டொலர். பதிவுசெய்யும் இணைப்பு அப்டேட் பக்கத்திலேயே இருக்கும். எங்கள் வீட்டில் அது தெரியவில்லையே என்று கேட்பவர்கள் ‘சிஸ்டம்’ பகுதியில் ‘அபௌட்’ திறந்து பதிப்பு எண்ணைப் பார்க்கட்டும். 22எச்2 என்று இருக்க வேண்டும். 1909, 2004 என்று ஏதாவது நின்றால், என்றோ ஒரு பெரிய அப்டேட் முடங்கியதை யாரும் கவனிக்கவில்லை என்று பொருள். இடத்தையும் திகதியையும் மீட்டர்ட் குறியையும் பார்த்து அதை நகர்த்திய பிறகே அந்த இணைப்பு வரும்.